கோஸ்புழுவின் மெய்ப்பொருள்

உலகத்தில் அவள் ஒரே ஒருத்திக்குத்தான் அத்தை. ஆனால் தெருவே அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டது. பால் கொண்டுவருகிறவர், அச்சுக்கூடத்தில் மை தடவுகிறவர், சில நாள் வாய் தவறி அவளுடைய சொந்த அண்ணனேகூட. அவள் அந்தப் பக்கம் போனபிறகு பூச்சி அத்தை என்றும் சொல்வார்கள். அது காதில் விழுந்தாலும் அவள் கோபித்துக்கொள்வதில்லை. ஜன்னலோரம் முழுக்கப் பெட்டி பெட்டியாகப் புழு வளர்க்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள், மயில் அத்தை என்றா?

அண்ணன் மருந்துக்கடை வைத்திருந்தார். கடை கீழே, வீடு மேலே. மருந்து கலக்குவது பிழைப்புக்கு. உயிரை வைத்திருந்தது ஒரு புத்தகத்தின்மேல். படைத்தவன் மனிதனுக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் பூச்சிகளுக்குள் பொடி எழுத்தில் எழுதிவைத்திருக்கிறான், நமக்குத்தான் குனிந்து படிக்கப் பொறுமை இல்லை என்பது அவருடைய கட்சி. அந்தக் காலத்தில் பூச்சிகளைப் பார்த்து எழுதப் புறப்பட்ட பலருக்கும் இதே கட்சிதான். பூச்சிக்குக் கால் எத்தனை என்று ஒரு வரி எழுதினால், அந்தக் கால்கள் நம்மை எந்தத் திசையில் நடக்கச் சொல்கின்றன என்று ஒரு பக்கம் எழுதாமல் விடமாட்டார்கள்.

புத்தகத்தின் அமைப்பு இப்படி. இடது பக்கம் படம்: முட்டை, புழு, கூடு, கடைசியில் பறக்கிற உருவம், நால்வரும் அது தின்னும் செடியோடு ஒரே தாளில். வலது பக்கம் அதன் பிழைப்பைப் பற்றி அண்ணன் எழுதியது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'மெய்ப்பொருள்' என்று தலைப்புப் போட்டு, அந்தப் பூச்சி மனிதனுக்குச் சொல்லும் பாடம். படம் அத்தையுடையது. வளர்ப்பதும் அவள்தான், வரைவதும் அவள்தான். அதைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடிப்பவர் அச்சுக்கூடத்து மாமா. அச்சாகி வந்த தாள்களுக்கு ஒவ்வொன்றாக வண்ணம் தீட்டுவது அத்தையும் வாலுவும்.

மாமா என்றால் வாலுவுக்கு மாமா, அதாவது அவளைப் பெற்றவளின் அண்ணன். வாலு என்றால் அண்ணனின் மகள். சின்ன வயதில் அவள் செய்த அட்டகாசத்துக்கு வைத்த பெயர். இப்போது கல்யாணமாகி, மூன்று தெரு தள்ளிக் குடித்தனம் போய், வயிற்றில் பிள்ளையோடு மெல்ல மெல்ல மாடிப்படி ஏறி வருகிறாள், அப்போதும் வாலுதான். பெற்றவளை அவளுக்குத் தெரியாது. பெற்ற கையோடு அந்த மகராசி கண்ணை மூடிவிட்டாள்.

மாமாவுக்கும் அண்ணனுக்கும் ஒருவரை ஒருவர் வாராமல் பொழுது போகாது.

"மாப்ளே, மூட்டைப்பூச்சிக்கு என்ன மெய்ப்பொருள் எழுதப்போறே? படைச்சவன் அதுல என்னத்தை எழுதி வெச்சானாம்?"

"தூங்கித் தூங்கிக் காலத்தை ஓட்டாதேன்னு எழுதி வெச்சிருக்கான், மச்சான். எழுதியாச்சு. நாளைக்குக் கொண்டுவரேன்."

உண்மையாகவே எழுதியிருந்தார். அதுதான் அண்ணனின் பலமும் தொல்லையும். மெய்ப்பொருள் அவருக்கு முந்திக்கொண்டு வந்துவிடும். கூடு இன்னும் திறக்கவேயில்லை, உள்ளே இருப்பது என்ன நிறமோ யாருக்கும் தெரியாது, அதற்குள் உயிர்த்தெழுதல் பற்றி முழுப் பக்கம் தயார். "பூச்சி பறக்கறதுக்கு முன்னாடி நீ பறந்துடறே" என்று மாமா சொல்வார். அத்தைக்கு நேர்மாறான பழக்கம். கண்ணால் பார்த்ததைத் தவிர வேறெதையும் அவள் தூரிகை தொடாது. படத்தில் ஒரு மூலை காலியாக இருந்தால் அந்தப் பூச்சி வெளியே வரும்வரை அது காலியாகவே கிடக்கும். அண்ணன் கெஞ்சினாலும் சரி, மாமா குதித்தாலும் சரி.

இப்போது வீட்டில் வேறொரு பரபரப்பு. வாலுவின் கணவனுக்குத் துறைமுகத்து ஊருக்கு வேலை மாற்றம் வந்திருந்தது. கப்பல் கம்பெனியில் எழுத்தர், நல்ல பையன், மாமனார் எழுதிய வண்டின் மெய்ப்பொருளைக் கொட்டாவி விடாமல் முழுக்கக் கேட்ட ஒரே ஆள். அடுத்த மாதம் கிளம்ப வேண்டும். பிரசவம் அங்கேதான். தலைப்பிள்ளை, தெரியாத ஊர், கூடமாட யாராவது வேண்டாமா? அத்தை போவாள். இதை யாரும் முடிவு செய்யவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதை யாராவது உட்கார்ந்து முடிவு செய்கிறார்களா? மாமா மூன்று பேருக்கு வண்டி பேசிவிட்டார். வாலுவின் கணவன் அங்கே பார்த்த வீட்டில் அத்தைக்கென்று காற்றோட்டமான அறை இருக்கிறதாம். அண்ணன் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "புத்தகத்தோட ரெண்டாம் பாகத்துக்குப் படம் யார் போடறது?" என்று ஒருநாள் கேட்டார். கேட்டது அத்தையை இல்லை, மாமாவை.

இருபது வயதில் அத்தைக்கு இது ஒருமுறை நடந்திருக்கிறது. அப்போது ஓர் ஓவியரிடம் படிக்க வெளியூர் புறப்படுவதாக இருந்தாள். துணிமணியெல்லாம் எடுத்துவைத்தாயிற்று. அந்த வாரம்தான் அண்ணி போனாள். அண்ணன் அழுது வீங்கிய முகத்தோடு வந்து குழந்தையை இவள் மடியில் போட்டார். "பார்த்துக்கோம்மா" என்றார். அவ்வளவுதான். இவளும் பார்த்துக்கொண்டாள். அந்தக் குழந்தையை அவள் நேசித்ததைப் போல யாரும் யாரையும் நேசித்திருக்க முடியாது என்று அத்தைக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் இந்த முறை அவளுக்குப் போக விருப்பமில்லை. ரெண்டாம் பாகத்தை வரைய வேண்டும் என்று உள்ளுக்குள் கொள்ளை ஆசை. இதை வெளியே சொல்ல எங்கே வாய் வரும்? பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைவிடப் புழு முக்கியமா என்று அவளே அவளைக் கேட்டுக்கொண்டு அடங்கிப்போனாள்.

இந்த நிலைமையில்தான் கோஸ்புழு வந்தது.

சமையலுக்கு வாங்கிய முட்டைக்கோஸின் இலை மடிப்பில் இருந்தது. பச்சை உடம்பு, பக்கவாட்டில் மஞ்சள் கோடு, கறுப்புப் புள்ளி. காய்கறிக்காரர்கள் காலால் தேய்த்துவிட்டுப் போகிற சாதாரணப் புழு. முதல் பாகத்துக்கு ஒரே ஒரு படம்தான் பாக்கி. அத்தை அதைப் பெட்டியில் விட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி, நாள்தோறும் புது இலை வைத்தாள். தின்றது, கொழுத்தது. முட்டையை வேறோர் இலையில் பார்த்து முன்பே வரைந்திருந்தாள். கூடும் பட்டாம்பூச்சியும்தான் மீதி.

ஒருநாள் காலையில் பார்த்தால், புழு தின்பதை நிறுத்தியிருந்தது. கூடும் கட்டவில்லை. அதைச் சுற்றி, அதன் வயிற்றுக்கு அடியில், அரிசியில் பாதி அளவில் மஞ்சள் மஞ்சளாக ஒரு குவியல். புழு அதன்மேல் படுத்துக்கிடந்தது.

"அண்ணா, இங்க வாங்க."

அண்ணன் கையில் மருந்து இடிக்கும் கல்வத்துக் குழவியோடு ஓடிவந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். வாயெல்லாம் பல்.

"முட்டை! முட்டை போட்டிருக்கும்மா!"

"புழு எப்படி முட்டை போடும்? பறக்கறதுதானே போடும்?"

"இதுவரைக்கும் நாம பார்த்தது அப்படி. அவன் கையில ஒரு வழிதானா இருக்கு?"

அத்தை தூரிகையின் காம்பை மெதுவாகக் கிட்டே கொண்டுபோனாள். சொங்கிபோலக் கிடந்த புழு சட்டென்று தலையைத் தூக்கி ஆவேசமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசியது. காம்பை எடுத்ததும் மறுபடி அந்த மஞ்சள் குவியலின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டது. வாயிலிருந்து நூல் இழுத்து அதன்மேல் ஒரு மெல்லிய போர்வைகூடப் போட ஆரம்பித்தது.

"பார்த்தியா? காவல் காக்குது. சாப்பிடாம கொள்ளாம காவல் காக்குது." அண்ணனின் குரல் கம்மிவிட்டது. "தன்னால முடியலைன்னு தெரியுது. ஆனாலும் விட்டுட்டுப் போக மனசில்ல."

அவர் யாரை நினைத்துக்கொண்டார் என்று அத்தைக்குத் தெரியாதா? அன்றைக்கு மருந்துக்கடை மதியம்வரை திறக்கவில்லை. பக்கம் பக்கமாக எழுதினார். தாய் போகிறாள், போன பிறகும் காவல் நிற்கிறாள், பிள்ளை எந்த ஊர் போனாலும் அவள் நூல் போர்வை அதன்மேல் கிடக்கிறது. இந்தக் கடைசிப் பக்கம்தான் வாலு ஊருக்குக் கிளம்புமுன் அவளுக்கு அவர் தரப்போகும் சீதனம். மாமா அச்சுக்கோக்கும்போதே அழுதுவிட்டார். "என் தங்கச்சிக்குன்னு ஒரு பக்கம் கிடைச்சிருச்சு மாப்ளே" என்று மூக்கைச் சிந்தினார்.

இந்தத் தப்பில் பாதி அத்தையுடையது. அவள் காத்திருந்திருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக, என்னவென்று தெரியாத ஒன்றை 'முட்டை' என்று குறிப்பெழுதி வரைந்தாள். அவளுக்கும் அது முட்டையாக இருக்க வேண்டும் போலிருந்தது. குஞ்சுப் புழுக்கள் வெளியே வந்ததும் மூலையில் சேர்த்துவிடலாம் என்று மட்டும் கொஞ்சம் இடம் விட்டாள். புழு இன்னும் உயிரோடுதான் இருந்தது. ஒவ்வொரு காலையும் தூரிகைக் காம்பை நீட்டுவாள், அது தலையை வீசும், நேற்றைவிடக் கொஞ்சம் மெதுவாக.

சில நாள் கழித்துப் பெட்டிக்குள் துணியில் ஏதோ பறந்து பறந்து மோதியது. அத்தை பூதக்கண்ணாடியை எடுத்தாள். மஞ்சள் உறைகள் ஒவ்வொன்றின் முனையிலும் வட்டமாக ஒரு மூடி வெட்டித் திறந்திருந்தது. வெளியே வந்திருந்தவை புழுக்கள் இல்லை. எறும்பைவிடச் சின்னக் கருங்குளவிகள். இறகை நீவிவிட்டுக்கொண்டு, மீசையை ஆட்டிக்கொண்டு, ஜம்மென்று இருந்தன. புழு செத்திருந்தது. அதைத் திருப்பிப் பக்கவாட்டைப் பார்த்தாள். தோலில் சின்னச் சின்னத் தழும்புகள், உள்ளேயிருந்து வெளியே வந்தவை போட்ட தழும்புகள். எந்தக் குளவியோ எப்போதோ அதன் உடம்புக்குள் முட்டையிட்டுப் போயிருக்கிறது. அவை உள்ளேயே இருந்து தின்று வளர்ந்து, துளைத்துக்கொண்டு வந்து, கூடு கட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த அசடு தன்னைத் தின்றவர்களுக்குக் காவல் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

அத்தை பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். தன் பிள்ளையே இல்லை, யார் பிள்ளைகளோ. அதைத்தானே அது பார்த்துக்கொண்டது? அவளுக்கு அண்ணிமேல் கோபம் கிடையாது. அண்ணி தங்கமான மனுஷி. ஆனால் இத்தனை வருஷமும் இந்த வீட்டில் காய்ச்சலுக்குக் கண்விழித்தது அத்தை, புண்ணியம் எழுதப்பட்டது அண்ணியின் பெயரில். வாலுவுக்கு நல்லது நடந்தால் "அவங்கம்மா பார்த்துக்கிட்டா" என்பார்கள். அந்தப் பக்கத்தைக் கிழிக்க இப்போது ஒரு காரணம் கிடைத்ததும் உள்ளே ஏதோ ஒன்று குதித்தது. அது சந்தோஷம்தான் என்று தெரிந்ததும் அவளுக்கு அசிங்கமாக இருந்தது. நிஜம் என்பதற்காகச் சொல்லப்போகிறாளா, வயிற்றெரிச்சலிலா? பிரித்துப் பார்த்தாள், பிரியவில்லை. சரி, இரண்டுக்குமாகவே சொல்லிவிடுவோம் என்று அண்ணனைக் கூப்பிட்டாள்.

அண்ணன் கண்ணாடி வழியே பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பாவம், அவர் முகத்தைப் பார்க்க அத்தைக்குச் சகிக்கவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. அந்தத் துக்கம் கொஞ்ச நேரம்தான். மெல்ல அவர் விரல்கள் மேஜைமேல் தாளம் போட ஆரம்பித்தன. அத்தைக்குத் தெரியும், மெய்ப்பொருள் வருகிறது.

"துரோகம்!" என்று எழுந்தார். "நன்றிகெட்ட பிள்ளைகள்! அதாம்மா இதுல எழுதியிருக்கு!"

மாலைக்குள் எழுதி முடித்து வந்து வழக்கம்போல அத்தைக்குப் படித்துக் காட்டினார். பிறர் உடம்பைத் தின்று வளர்ந்தவர்கள், வளர்த்தவள் குற்றுயிராகக் கிடக்கையில் இறகு முளைத்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்து போகிறார்கள், மனிதா, உன் வீட்டில் அப்படி யார் என்று பார். அண்ணனுக்கு வாலுவின் நினைப்பே இல்லை. குளவியை நினைத்து எழுதினார், குளவிமேல் உண்மையான ஆத்திரத்தோடு எழுதினார். தான் எழுதியதை வீட்டோடு வைத்துப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. அத்தை வைத்துப் பார்த்தாள். "வேண்டாம்ணா" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அவர் படித்து முடித்ததும், "கமா ஒண்ணு விட்டுப்போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

மாமா எழுத்துகளைக் கலைத்து மறுபடி கோக்க வேண்டியிருந்ததில் காச்சுமூச்சென்று கத்தினார். "என் தங்கச்சியைத் தூக்கிட்டுக் குளவியை வெச்சுட்டே, நீயெல்லாம் ஒரு மாப்பிள்ளையா?" ஆனாலும், அத்தை காலி மூலையில் குளவியைச் சேர்த்து வரைந்த படத்தோடு அச்சடித்துக் கொடுத்தார். முதல் பிரதி, வண்ணம் பார்ப்பதற்காக, வழக்கம்போல வாலுவின் மேஜைக்கு வந்தது.

அன்று வாலு பச்சையைக் குழைத்து வைத்தாள். இலைக்குத் தீட்டினாள். புழுவின் பக்கவாட்டுக் கோட்டுக்கு மஞ்சள் தொட்டாள். எதிரே உட்கார்ந்து இன்னொரு தாளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த அத்தை, அவள் கண் வலது பக்கத்துக்குப் போவதைப் பார்த்தாள். வரி வரியாகக் கீழே இறங்குவதையும் பார்த்தாள். வாலு தூரிகையைக் கழுவி, துணியில் ஒற்றி, எடுத்துவைத்தாள்.

"இடுப்பு வலிக்குது அத்தை. வீட்டுக்குப் போறேன்."

படி இறங்கும் சத்தம் நின்றதும் அத்தை எழுந்து கீழே ஓடினாள். கடைக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணா, அந்தப் பக்கத்தை நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

"ஏன்? கமா போட்டாச்சே."

"நிறுத்தச் சொல்லுங்க!"

தங்கை அதட்டி அண்ணன் கேட்டதில்லை. கையிலிருந்த புட்டியைக் கீழே போட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு சரி சரி என்று தலையாட்டினார். அத்தை வண்ணக் கறை படிந்த மேலுடுப்போடு தெருவில் இறங்கினாள்.

வாலு சமையலறையில் தட்டுகளை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தப் புழு நீங்கதானே?"

"உனக்குப் பைத்தியமாடி?"

"குளவி நான்தானே? தின்னுட்டுப் பறக்கறேன், அப்படித்தானே?"

"உங்கப்பா பூச்சியைப் பத்தி எழுதினார். அவருக்கு உன்னைப் பத்தின நெனப்பே இல்ல."

"அப்பாவை எனக்குத் தெரியாதா? அவர் குளவின்னா குளவிதான்." வாலு இப்போது திரும்பினாள். கண்கள் சிவந்திருந்தன. "நீங்க அப்படி இல்லையே. நீங்க கேட்டுட்டு ஏன் அத்தை சும்மா இருந்தீங்க?"

பொய் சொல்ல அது நல்ல நேரம். ஏதாவது ஒன்றைச் சொல்லி அணைத்துக்கொண்டால் முடிந்துபோயிருக்கும். ஆனால் கண்ணால் பார்க்காததை முட்டை என்று எழுதிப் பட்டது போதும் என்று அத்தைக்குத் தோன்றியது. பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"கேக்க நல்லா இருந்துது," என்றாள்.

வாலு கையிலிருந்த தட்டை வைத்தாள்.

"ஒரு நிமிஷம் நல்லா இருந்துதுடி. எனக்காக யாரோ சண்டை போடற மாதிரி. அப்புறம் வெக்கமாப் போச்சு. அதுக்குள்ள அச்சுக்குப் போயிடுச்சு."

"அப்போ நான் தின்னுட்டேன்னு நினைக்கறீங்க."

"தின்னேதான். இல்லைன்னு சொன்னா நீ நம்புவியா? என் இருபது வயசைத் தின்னே, இருபத்தஞ்சைத் தின்னே, முப்பதைத் தின்னே. பசிச்சுது, தின்னே. குழந்தைன்னா வேற என்ன செய்யும்? அதுல நன்றிகெட்டது எங்கேருந்து வந்துது? உங்கப்பாவுக்கு எதையெடுத்தாலும் ஒரு பேர் வெச்சாகணும்." அத்தைக்கு மூச்சு வாங்கியது. "என் வருத்தம் அது இல்லடி. தின்னதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. யாரும் என்னைக் கேக்கலை. அந்தப் புழுவை எவன் கேட்டான்? உள்ள போட்டுட்டுப் போயிட்டான். என் மடியில போட்டப்பவும் ஒருத்தரும் கேக்கலை. கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். சத்தியமாச் சொல்றேன், ஓடிவந்து வாங்கியிருப்பேன் உன்னை. ஆனா கேட்டிருக்கலாம்ல?"

வாலு அழுவாள் என்று அத்தை நினைத்தாள். அவள் அழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி அத்தையையே பார்த்தாள். சின்ன வயதில் பொம்மையை உடைத்துவிட்டு, எப்படி உடைந்தது என்று தானே கண்டுபிடிக்கும்போதும் இதே முகம்தான்.

"துறைமுகத்து ஊருக்கு?" என்றாள் மெதுவாக.

"என்ன துறைமுகத்து ஊருக்கு?"

"அதுக்கும் யாரும் கேக்கலை. மாமா வண்டி பேசினார். என் வீட்டுக்காரர் உங்களுக்கு ரூம் பார்த்தார். நான் அந்த ரூமுக்கு ஜன்னல் திரைகூடத் தைச்சுட்டேன் அத்தை. ஒருத்தரும் உங்களைக் கேக்கலை. நானும் கேக்கலை."

"விடு. போனது போகட்டும்."

"விடமாட்டேன்." வாலு முக்காலியின் முன்னால், அந்த வயிற்றோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டு மண்டியிட்டாள். எழுந்திரு எழுந்திரு என்று அத்தை அவள் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள், அவள் அசையவில்லை. "இப்போ கேக்கறேன். எங்ககூட வர்றீங்களா அத்தை?"

அத்தையின் மனசில் எத்தனையோ ஓடியது. இந்தப் பெண்ணின் முதல் பல், முதல் காய்ச்சல், வரக்கூடாத இடத்தில் வண்ணம் தீட்டிவிட்டு அது நிழல் என்று அடித்துச் சொன்ன சாமர்த்தியம். இந்த வயிற்றில் இருப்பது ஆணோ பெண்ணோ, அதைக் குளிப்பாட்ட அவள் கை இப்போதே துடித்தது. ஜன்னலோரத்துப் பெட்டிகளும் ஞாபகம் வந்தன. ஒன்றில் இன்றைக்கோ நாளைக்கோ திறக்கவேண்டிய கூடு இருந்தது, அதற்குள் இருப்பது என்னவென்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. எதிரே இரண்டு கண்கள் பதிலுக்காகக் காத்திருந்தன. அவள் பதிலுக்காக யாரும் காத்திருந்து அவள் பார்த்ததே இல்லை.

"வரலைடி," என்றாள்.

சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. வாலுவின் முகம் ஒருகணம் விழுந்தது. உதடு பிதுங்கியது. இதோ எல்லாம் போயிற்று என்று அத்தை பயந்தாள்.

"இப்படியா பட்டுனு சொல்வாங்க?" என்றாள் வாலு.

"கேட்டே. சொன்னேன்."

"கொஞ்சம் தயங்கற மாதிரியாவது காட்டியிருக்கலாம்."

"எனக்கு இங்க வேலை இருக்கு," என்றாள் அத்தை. அண்ணன் ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்கிற வார்த்தை. அவள் வாயில் அது வந்தது அன்றைக்குத்தான். சொல்லிப் பார்த்தால் ருசியாகத்தான் இருந்தது.

வாலு அத்தையின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அத்தைக்குக் கண்ணீர் தாரை தாரையாக வந்தது. வண்ணக் கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் பச்சை.

"அப்போ அந்தப் பக்கத்துல கீழ என்ன போடறது?" என்றாள் வாலு மடியிலிருந்தே.

"ஒண்ணும் வேண்டாம். படம் போதும்."

"அப்பாவுக்குச் சோறு இறங்காது."

"இறங்கலைன்னா மருந்துக்கடைதானே வெச்சிருக்கார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் வாலு தலையைத் தூக்கினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆனமட்டும் மரியாதையாக, பெரிய மனுஷி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பிரசவத்துக்கு மட்டுமாவது வருவீங்கல்ல? அதுக்கும் கேட்டாகணும்னா கேக்கறேன். வருவீங்களா அத்தை?"

கேட்கவே வேண்டியதில்லை. கூப்பிடாவிட்டால்கூட நடந்தாவது போய்ச் சேர்ந்துவிடுவாள் என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அத்தை உடனே பதில் சொல்லவில்லை. முக்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டாள். கன்னத்துப் பச்சையை மேலுடுப்பின் நுனியால் ஒற்றிக்கொண்டாள். தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தை, வேண்டுமளவு நேரம் எடுத்துக்கொண்டு, நன்றாகப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.